சுற்றல் அடங்கும்வரை

கந்தர்வக்கோட்டையில் ஒரே அறையில் பிசியோதெரபி மையம் வைத்திருக்கிறேன். மூட்டுவலிக்காரர்களும், பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர்களும்தான் அதிகம் வருவார்கள். தலைசுற்றல் என்று வருகிறவர்களை மட்டும் தஞ்சாவூருக்குப் போகச் சொல்லிவிடுவேன். காதுக்குள் இருக்கும் நுண்ணிய துகள்கள் இடம் மாறினால் படுக்கையில் புரளும்போது வீடே சுற்றும் என்பதும், தலையை ஒரு முறைப்படி திருப்பிச் சாய்த்து அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதும் கல்லூரியில் படித்ததுதான். ஆனால் செய்து பழகியதில்லை. பயமாக இருந்தது.

திருச்சியில் அதற்கென்று பயிற்சி வகுப்பு நடப்பது தெரிந்ததும், சில நாள் மையத்தைப் பூட்டிவிட்டுப் போக முடிவு செய்தேன். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை.

"பூட்டிக் கெடந்தா வர்ற ஆளு வேற எடம் பாத்துப் போயிரும். படிச்சு முடிச்சுத்தானே போர்டு மாட்டுன, இன்னும் என்ன படிப்பு?"

"தெரியாத வேலைக்கு எத்தன நாளைக்கு ஆளத் தஞ்சாவூருக்கு அனுப்பிக்கிட்டே இருக்குறது?" என்றேன். மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் சொன்னதே நடந்திருந்தது. வாடிக்கையாக வந்த இரண்டு பேர் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவும் இல்லை.

அந்த வாரமே, முந்திரி உடைக்கும் வேலை செய்கிற ஓர் அக்காவை அவருடைய கணவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அந்த அக்கா சுவரைப் பிடித்தபடிதான் உள்ளே நடந்தார். குனிந்தாலும் சுற்றுகிறது, வலது பக்கம் புரண்டாலும் சுற்றுகிறது, வேலைக்குப் போய் நாளாகிறது என்றார். பேச்சு குழறுகிறதா, கை கால் பலம் சரியாக இருக்கிறதா, கழுத்தில் ஏதும் பிரச்சினை உண்டா என்று எல்லாம் பார்த்தேன். பயப்படும்படியாக எதுவும் இல்லை.

"அக்கா, இப்ப சாய்க்கயில அதே சுத்தல் வரும். வந்தாத்தான் எந்தக் காதுன்னு தெரியும். கண்ண மட்டும் மூடாதீங்க."

கட்டிலில் உட்காரவைத்துத் தலையை வலப்புறம் திருப்பி, கட்டிலின் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கும்படி சட்டென்று சாய்த்தேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அவருடைய கருவிழிகள் துடித்துச் சுழலத் தொடங்கின. அவர் அலறி என் முழங்கையை நகம் பதியப் பிடித்தார்.

"விடுங்க, அவள விடுங்க. கழுத்த ஒடிச்சுப்புடுவீங்க போல," என்று கணவர் கட்டிலை நெருங்கி என் தோளைத் தொட்டார்.

"அண்ணே, இப்பப் பாதியில தூக்குனா திரும்பவும் மொதல்லேருந்து செய்யணும். கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க."

என் குரல் நடுங்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். வகுப்பில் ஒருவரை ஒருவர் சாய்த்துப் பழகியபோது யாருக்கும் சுற்றவில்லை, யாரும் அலறவில்லை. நான் நினைத்தது தவறாக இருந்தால்? இது மூளை சம்பந்தப்பட்டதாக இருந்தால்? கையை எடுத்துவிடலாமா என்று ஒரு முறை தோன்றியது. எடுக்கவில்லை. அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். துடிப்பு மெல்லக் குறைந்து நின்றது; கோளாறு வலது காதில்தான். தலையை இடப்பக்கம் திருப்பிக் காத்திருந்தேன். பிறகு உடம்போடு புரட்டி, முகம் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டேன். எழுப்பி உட்காரவைத்ததும் அவர் வாந்தி எடுத்தார்.

கணவர் என்னைப் பார்க்கவே இல்லை. "வா போலாம், நல்லா இருந்தவளப் படுத்தி எடுத்துட்டாங்க," என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் தரையைக் கழுவினேன். மறுநாள் முழுக்க, வாசலில் வண்டி நின்றாலே அந்த அக்காவின் கணவர்தான் சண்டைக்கு வந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. அந்த அக்காதான்.

"நேத்து புரண்டு படுத்தேன் மேடம். லேசா ஒரு ஆட்டம், அம்புட்டுதான். இன்னொருக்கா வந்தா முழுசாச் சரியாயிருமா?"

"வாங்க அக்கா, பாத்துருவோம். அண்ணன் சம்மதிப்பாங்களா?"

"அவர்தான் போன் போட்டுக் குடுத்தாரு. பேசச் சொன்னா மாட்டேங்கிறாரு."

இரண்டாம் முறை சாய்த்தபோது சுற்றல் கொஞ்சமாக வந்து சீக்கிரமே அடங்கிவிட்டது. அவர் கணவர் கட்டில் ஓரத்தில் மனைவியின் காலைப் பிடித்தபடி நின்றிருந்தார். போகும்போது, "திரும்ப வேலைக்கு அனுப்பலாமா?" என்று மட்டும் கேட்டார். மேலும் சில நாள் பார்த்துவிட்டு அனுப்பச் சொன்னேன்.

போய்விட்ட அந்த இரண்டு பேரும் திரும்பி வரவே இல்லை. அக்காவை இரண்டாம் முறை பார்த்த அன்று வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னபோது என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்தாளு தோளத் தொட்டப்ப ஒனக்குப் பயமா இல்லயா?"

"ரொம்பப் பயந்துட்டேன்," என்றேன்.