அமல்தார் விசாரணைக்கு வந்த நாள்

நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் இல்லை. வட ஆற்காட்டிலிருந்து கூலியாளாக வந்து, ஹெப்பகோடிப் பக்கம் புதர்க்காட்டை வெட்டிச் செங்கல் சூளை போட்டு, வீடும் கட்டியவன். பெங்களூர் தண்டில், அதாவது வெள்ளைக்காரப் பட்டாளம் இருக்கும் பக்கத்தில், பாதி பங்களா என் செங்கல்தான். சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்க்கலாம். அப்படிப்பட்ட நான் அன்று காலையில் களியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

காட்டில் தேன் எடுத்துப் பிழைக்கும் இருளர் கிழவர் ஒருவர், என் வீடும் சூளையும் இருப்பது தன் முன்னோர் இடம் என்று முறையிட்டிருந்தார். விசாரிக்க, தாலுகாவுக்கே அதிகாரியான அமல்தாரே வருகிறார். என்னிடம் பட்டா கிடையாது. இத்தனை வருஷம் இங்கே இருந்த அனுபவ பாத்தியதைதான். தீர்ப்பு மாறினால் வீடும் சூளையும் போய்விடும்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்க பிரதாபத்தை எடுத்து விடாதீங்க" என்றாள் என் மனைவி.

அமல்தார் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிழவர் சற்றுத் தள்ளி நின்றார். கன்னடத்தில்தான் பேச்சு; எனக்கு இரண்டு பாஷையும் ஒன்றுதான்.

"நீர் வரும்போது இந்த இடம் எப்படி இருந்தது, மேஸ்திரி?"

"வெறும் காடு, சாமி."

"காடு வெட்டுறது ஒரு வேலையா? எல்லாரும்தான் வெட்டுறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "என்ன சாமி இப்படிச் சொல்லிட்டீங்க! முள்ளு மட்டுமா? இடுப்பு உசரத்துக்கு வரிசையா கல்லு நின்னுச்சு. நான் ஒருத்தனாவே கடப்பாரை போட்டுப் பெயர்த்தேன்!"

கதவுக்குப் பின்னால் மனைவியின் வளையல் சத்தம் நின்றது.

கிழவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "எங்கள்ல செத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு கல்லு நடுவோம், சாமி. அதைத்தான் தேடுறேன். எங்கே போட்டாரு, கேளுங்க."

அமல்தார் என்னைப் பார்த்தார். நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை; என் வீட்டுச் செங்கலுக்கு அடியில், அஸ்திவாரத்தில் அந்தக் கற்கள் வரிசையாகத் தெரிந்தன. கிழவர் சமையலறைப் பக்கம் போய்க் குந்தி, கல் கல்லாகத் தடவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னார்.

"தீர்ப்பை ஆபீசிலிருந்து அனுப்புறேன்" என்று அமல்தார் எழுந்தார். வண்டி ஏறும்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே போனேன். மனைவி பானைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்டர் இன்னும் வரலையே, அதுக்குள்ள என்ன?"

"வந்தா என்ன, வராட்டி என்ன? பேரு சொன்னதைக் கேட்டுட்டேனே. இனிமே அந்தச் சுவத்தோரம் எப்படி உலை வைப்பேன்?"