மழையை எடுத்துவிட்டேன்

நான் மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க மெஷின் சத்தம். அதனாலேயே வீட்டில் பாட்டு கேட்கும்போது சின்ன இரைச்சல்கூட எனக்கு ஆகாது. துல்லியமான ஒலிக்கென்று ஒரு பாட்டு ஆப்புக்கு மாதச் சந்தா கட்டுகிறேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, அளந்து பார்த்து ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்தால்தான் பாட்டு சரியாகக் கேட்கும் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன்.

பக்கத்து லைன் வீட்டில் இருக்கும், கொழுந்து பறிக்கிற லெட்சுமி அக்கா ஒரு நாள் பழைய கேசட் கொண்டுவந்தார். போன வருஷம் தவறிப்போன அவர் கணவர், வீட்டிலேயே பாடிப் பதிவு செய்தது. பாட்டு முழுக்கத் தகரக் கூரையில் மழை. கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு நாள் மெனக்கெட்டு அந்த மழையைச் சுத்தமாக எடுத்துவிட்டேன்.

அக்காவை என் நாற்காலியில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

“என்னா தம்பி, யாரையோ திட்டுற மாதிரி இருக்கு? மழை எங்க?”

“அது இரைச்சல்க்கா. எடுத்துட்டேன்.”

“அடப்பாவி! நான் குசினியில இருப்பேன் லா. மழையில எனக்குக் கேக்கணும்னுதான் அப்படிக் கத்திப் பாடுவாரு.”

நல்லவேளை, பழைய பதிவை அழிக்கவில்லை. அதைப் போட்டேன். மழை கொட்டியது. அக்கா எழுந்து நேராக என் குசினிக்குப் போய் அடுப்போரம் நின்றார்.

“இங்கதான் தம்பி சரியா கேக்குது.”

நான் அளந்து போட்ட நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்கார எனக்கும் மனசு வரவில்லை.