ஐயாயிரத்து இருநூறு ரூபாய் சிலேட்டு

என் தங்கையின் கணவர் ஏசுராஜ் எதையாவது நல்லது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் தரம் பிரித்தவர். சாய்ந்த மேசையில் தோலை விரிப்பார். உள்ளங்கையால் ஒரு தடவல், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பார்வை, பிறகு பின்பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு எண். ஒன்று என்றால் வெளிநாட்டுக்காரன் காலுக்கு ஷூவாகும். ஆறு என்றால் உள்ளே ஒட்டுகிற துண்டுக்குத்தான் ஆகும். ஒன்று என்று அவர் எழுதியது வருடத்துக்கு நாலு தோல் இருந்தால் ஜாஸ்தி. வேலையில் அது கெட்டிக்காரத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாயங்காலம் சங்கு ஊதிய பிறகும் அந்த மனிதர் தரம் பிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வருவார்.

தொண்ணூற்று நாலில் நான் வேலூரில் சொந்த வீடு கட்டினேன். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் குமாஸ்தாவாக இருப்பவன் வீடு கட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பிரதிஷ்டை ஜெபம் முடிந்து எங்கள் சர்ச் ஐயர் இன்னும் செருப்புக்கூட மாட்டவில்லை, ஏசுராஜ் என் புது சோபாவைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, வந்தவர்கள் எல்லோரும் கேட்க, "ரெக்ஸின். அதுலயும் ஆறாம் நம்பர்" என்றார். அன்றைக்குப் பிரியாணிக்கு நாலு, பிரசங்கத்துக்கு அஞ்சு. என் மனைவிக்கும் ஏதாவது ஒரு எண் வைத்திருப்பார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்ட வாய் 2010 மே மாதம் நின்றது. தொண்டையில் புற்றுநோய். வேலூரில் அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள், உயிர் பிழைத்தார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன், பொய் இல்லை. அழுது முடித்ததும், இனி இந்த ஆள் என் சோபாவுக்கு மார்க் போட முடியாது என்று ஒரு நிம்மதியும் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

அவருடைய ஒரே மகள் தேவகிருபைக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஷூ கம்பெனி ஒன்றின் ஆபீஸில் வேலை. அரக்கோணத்துப் பையன் ரோஹனோடு கல்யாணம் பேசி, நவம்பரில் தேதியும் குறித்தாகிவிட்டது. அவளுக்கு ஒரே கவலை. சர்ச்சில் ஐயர், இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார் என்று கேட்பார். தகப்பன் சபை கேட்கப் பதில் சொல்லி, மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். குரல் இல்லாத தகப்பன் என்ன செய்வார்? தாய்மாமன் நான் இருக்கிறேனே, நான் கொடுக்கிறேன் என்றேன்.

"இல்ல மாமா. அப்பாதான் குடுக்கணும்" என்றாள்.

ஏசுராஜோ கைச்சாடையிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தார். சிலேட்டு வாங்கிக் கொடுத்தோம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அதைப் பிடிக்க மாட்டேன் என்று தள்ளிவிட்டார். தேவகிருபையின் கம்பெனியில் ஷூவின் அடிப்பாகம் வாங்க சீனா போய்வருகிற ஒருவர் இருந்தார். அவரிடம் சொல்லி ஒரு டேப்லெட் வரவழைத்தாள். ஐயாயிரத்து இருநூறு ரூபாய். பெரிய கம்பெனியின் அசல் சரக்கு அந்த வருடம்தான் வந்திருந்தது, இதைப் போல் ஐந்தாறு மடங்கு விலை. இது அதைப் பார்த்து அடித்த போலி. அப்பா இதில் "நான்" என்று எழுதித் தூக்கிப் பிடித்தால் போதுமா என்று ஐயரிடம் போய்க் கேட்டாள். அவரும் சரி என்றுவிட்டார்.

நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விரலால் தொட்டால் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. கூட வந்த பிளாஸ்டிக் குச்சியால் அழுத்த வேண்டும். எழுதி முடித்து மூச்சு விட்ட பிறகு எழுத்து நிதானமாக வந்து சேரும். ஒன்றரை மணி நேரத்தில் சார்ஜ் இறங்கிவிடும், அதற்குள் முதுகு தோசைக்கல்லாகச் சுடும். தமிழ் என்று ஒரு பாஷை இருப்பதே அதற்குத் தெரியாது. தமிழில் வந்த மெயிலைத் திறந்தால் கட்டம் கட்டமாக நின்றது. அதனால் படம் வரைகிற பக்கத்தில் கையால்தான் எழுத வேண்டும். இதற்கு அந்தச் சிலேட்டே தேவலை என்றேன். தேவகிருபையின் முகம் சுருங்கிப்போனது.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். கறுப்பில் வெள்ளையாக எழுத்து பெரிதாக விழுந்தது, கண்ணாடி போடாமலே என் தங்கை படித்தாள். கரண்ட் போனாலும் தெரிந்தது. அந்த வருடம் கரண்ட் இருந்த நேரம்தான் கம்மி. இரண்டு மாதமாக வாயடைத்துக் கிடந்தவர் முதல் நாள் அதில் "காபி" என்று எழுதியபோது தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள். காபி குடித்து முடித்ததும் அவர் அந்தச் சாமானைத் திருப்பினார், முதுகைக் கட்டைவிரலால் தடவினார், மறுபடி திருப்பி "6" என்று எழுதி மகளிடம் காட்டினார். அவள் அதற்கும் சந்தோஷப்பட்டாள்.

பக்கம் நிறைந்ததும் ஓரத்தில் இருக்கிற அம்புக்குறியைக் குத்தினால் புதுப் பக்கம் வரும். பழையது அழிந்துபோனது என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைக்காமல் என்ன செய்வார்? தோலின் பின்பக்கம் அவர் போடுகிற சாக்கட்டி எண் சாய டிரம்மில் கரைந்துபோகும். இருபத்தேழு வருடத்தில் அவர் எழுதிய எந்த எண்ணும் அடுத்த வாரத்தைப் பார்த்ததில்லை. அதனால் துணிந்து எழுதினார். யாராவது வந்து விசாரித்துவிட்டுப் போனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து குச்சியை எடுப்பார். எழுதுவார், தனக்குத்தானே சிரிப்பார், அம்புக்குறியைக் குத்துவார்.

அக்டோபரில் ரோஹன் தன் அப்பா அம்மாவோடு கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் பார்க்க ஆம்பூர் வந்தான். நானும் இருந்தேன். டேப்லெட் அதற்குள் படுமோசமாகியிருந்தது. ஒரு எழுத்து விழுவதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கலாம். ரோஹன் கம்ப்யூட்டர் படித்தவன், நான் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டான். இரண்டு நிமிடம் நோண்டிவிட்டு, மெமரி நிறைந்துவிட்டது, நானூற்றுச் சொச்சம் படம் இருக்கிறது என்றான். என்ன படம் என்று நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அவன் திறந்தான்.

முதலில் வந்தது டேப்லெட்டைப் பற்றியே: "விலை 5200. மதிப்பு 200. பொண்ணு ஏமாந்துட்டா." எல்லோரும் சிரித்தோம். அடுத்தது ஐயர்: "ஜெபம் நீளம். சரக்கு கம்மி. 4." அதற்கு ரோஹனின் அம்மாவே சிரித்துவிட்டார். அடுத்தது நான். "பெரிய மச்சான். ரெக்கார்டு ரூம் தூசி. 5." யாரும் என்னைப் பார்க்காமல் சிரித்தார்கள். அதற்கடுத்தது ரோஹனின் அப்பா: "சம்பந்தி. மேல பாலிஷ், உள்ள அட்டை. 5." ரயில்வேயில் ரிடையர் ஆன அந்த மனிதர், பரவாயில்லை, உங்களுக்கும் எனக்கும் ஒரே மார்க்குதான் என்று என்னிடம் சொல்லிச் சமாளித்தார்.

ஏசுராஜ் பாதி எழுந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார். கழுத்துத் துளையில் காற்று புஸ் புஸ்ஸென்று வந்தது. ரோஹன் குச்சியை நிறுத்திவிட்டு, போதும் விட்டுவிடலாமா என்று என் முகத்தைப் பார்த்தான். பெரியவன் என்று என்னைக் கேட்டான். விடு என்று சொல்லியிருக்க வேண்டும். பதினாறு வருடத்துச் சோபாவும் அந்த அஞ்சும் சேர்ந்து எனக்கு நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. மாட்டிக்கொண்டாயா என்றிருந்தது.

"பாரு தம்பி. இன்னும் இன்னா எழுதியிருக்காருன்னு எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்" என்றேன்.

அவன் அடுத்ததைத் தள்ளினான். "கிருபை. கன்னத்துல அம்மைத் தழும்பு. வயசு ஜாஸ்தி. 4. பெயின்ட் அடிச்சா தள்ளிடலாம்."

ரோஹன் டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்தான். கவிழ்த்து என்ன பிரயோசனம், எழுத்துதான் அவ்வளவு பெரிதாக இருந்ததே. ரோஹனின் அம்மா எழுந்து போய் தேவகிருபையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். என் தங்கை அடுப்படிக்குள் போய்விட்டாள். ஏசுராஜ் அப்படியே நின்றார்.

"அப்பா பேசணும்னுதான் வாங்கிக் குடுத்தேன்" என்றாள் தேவகிருபை. "பேசிட்டாரு." ரோஹனிடம் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னாள். அவன் அழித்து முடிக்கும்வரை காத்திருந்து, டேப்லெட்டை வாங்கிச் சார்ஜில் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, சர்ச்சுல நீங்களே குடுத்துடுங்க."

அதன் பிறகு ஒரு மாதம் ஏசுராஜ் அந்தக் குச்சியைத் தொடவில்லை என்று தங்கை சொன்னாள். மகள் அவருக்குச் சாப்பாடு போட்டாள், மருந்து கொடுத்தாள், கழுத்துத் துளையைச் சுத்தம் செய்தாள். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

கல்யாணத்தன்று நான்தான் அவளை அழைத்துப் போனேன். ஏசுராஜ் இரண்டாவது வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் அந்தச் சாமான். எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஐயர் கேள்வியைக் கேட்டார். நான் சத்தமாக "நான்" என்றேன். கடைசி வரிசை வரை கேட்டது. அவள் கையை ரோஹனின் பக்கம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

இரண்டாவது வரிசையில் ஏசுராஜ் எழுந்து நின்றுகொண்டிருந்தார். டேப்லெட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். கோணல் மாணலாக, திரை முழுக்க, "நான்" என்று இருந்தது. பின்னாலிருந்து யாரோ, மறைக்கிறது, உட்காருங்கள் என்றார்கள். தேவகிருபை பீடத்தைப் பார்த்து நின்றாள், திரும்பவில்லை. அவர் கை ஓயும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. அந்த ஆளுக்காக ஒரு வார்த்தை செலவழிக்க எனக்கு அப்போதும் மனசு வரவில்லை.