கழுவக் கூடாத பஞ்சு

ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் கண்ணில் படாத அறை ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சைக் கத்திகளையும் கத்தரிகளையும் கழுவி, ஆவி இயந்திரத்தில் வைத்து எடுத்து, துணியில் பொதிந்து அடுக்குகிற அறை. அங்கே ஒருத்தியின் ராஜ்ஜியம் நடந்துகொண்டிருந்தது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் வெந்நீரக்கா. அவள் காலடிச் சத்தம் கேட்டாலே கிருமிகள் மூட்டை கட்டிவிடும் என்று நர்ஸ்கள் கேலி பேசுவார்கள். அந்தக் கேலி அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

வேலையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வரும் சாமர்த்தியம் மட்டும் அவளுக்கு இல்லை. வீட்டில் கதவுக் கைப்பிடியிலிருந்து டிவி ரிமோட் வரை எல்லாம் தினமும் துடைபட்டன. கணவர் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஊரைச் சுமந்துவிட்டு வருகிற மனிதர், வாசலிலேயே சட்டையைக் கழற்றிக் கொடுத்தால்தான் உள்ளே வரலாம். பாவம், பழகிவிட்டார். பிறர் வீட்டுக்குப் போனாலும் அவள் கை சும்மா இராது. நாத்தனார் வீட்டில் தண்ணீர் கொடுத்தால், டம்ளரோடு நேரே சமையலறைக்குப் போய்க் கொட்டிவிட்டு, அலசி, மறுபடி பிடித்துத்தான் குடிப்பாள். அதில் யாருக்கும் மனக்குறை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. இவள் அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். கணவனை இழந்தவர், வீட்டிலேயே பள்ளிக்கூடப் பைகள் தைத்துக் காலம் தள்ளுகிறவர். வீடு முழுக்க நூலும் துணித் துண்டுமாகக் கிடக்கும், நடுவில் ஒரு மீன்தொட்டி இருக்கும். அந்தத் தொட்டி விரிசல் விட்டு ஒழுக ஆரம்பித்த சமயத்தில்தான் அவர் இன்னும் சின்ன வீட்டுக்கு மாற வேண்டி வந்தது. அங்கே தையல் மிஷினை வைத்தால் ஆள் படுக்க இடமில்லை. அதனால் மீன்கள் தம்பி வீட்டுக்கு என்று முடிவானது. தம்பி புதுத் தொட்டி வாங்கி வைத்தார்.

மொத்தம் நாலு மீன், எல்லாம் ஆரஞ்சு நிறம். மூன்று துறுதுறுவென்று சின்னவை. நாலாவது பெரியது, வால் நைந்தது, எதற்கும் அவசரப்படாதது. அதற்குக் கிழவர் என்று பெயர். தைக்கிற நேரத்தில் வீட்டில் தனக்கு இருந்த பேச்சுத்துணை அவர்தான் என்று நாத்தனார் சொல்லிச் சிரித்தார். மீன்களோடு கொண்டுவந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையையும் நீட்டினார். உள்ளே பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு. கறுத்து, வழவழத்து, குட்டை வாடை அடித்தது. வெந்நீரக்கா அதை இரண்டு விரலால் வாங்கினாள்.

“இதைக் கழுவிடாதம்மா, அப்படியே போட்டுடு,” என்றார் நாத்தனார். “இந்த அழுக்குல இருக்கிற கிருமிங்கதான் மீனோட கழிவைத் தின்னு தண்ணியச் சுத்தமா வெச்சிருக்கு. புதுத் தொட்டியில அதுங்க இருக்காது. தானா வளர்ந்து வர்றதுக்குள்ள மீனுங்க தன் கழிவுலயே மூச்சு முட்டிப் போயிடும்.”

கிருமி சுத்தம் செய்கிறதாம். கிருமியை ஒழித்தே சோறு தின்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? வெந்நீரக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைப் பெரிதாக ஆட்டினாள். நாத்தனார் தெருமுனை திரும்பியதும் அடுப்பில் பாத்திரம் ஏறியது. பஞ்சு கொதித்தது, பிளீச்சிங் தண்ணீரில் ஊறியது, குழாயடியில் அலசப்பட்டது. கடைசியில் பால் போல வெளுத்து வந்ததைக் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். உங்க அக்கா இத்தனை நாளாக எதை வைத்துக் குடித்தனம் நடத்தினார் என்று பாருங்கள் என்றாள். அக்கா கழுவ வேண்டாம் என்றாளே என்று அவர் முனகினார். அவள் பார்த்த பார்வையில் அந்த முனகலும் அடங்கியது.

அந்த வெள்ளைப் பஞ்சைப் போட்டதும் கொஞ்ச நாள் தொட்டி கண்ணாடிக் கடை போலப் பளபளத்தது. பிறகு மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி நீட்டி மூடின. செவுள்கள் ரத்தச் சிவப்பாயின. போட்ட தீனி போட்டபடி கிடந்தது. ஒரு காலையில் சின்ன மீன் ஒன்று பக்கவாட்டில் மிதந்தது. தான் செய்த காரியம் என்னவென்று அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நாத்தனாரின் போன் வந்தது. மீன் செத்த செய்தியைச் சொன்னாள். அவர் மெதுவாகக் கேட்டார்.

“பஞ்சைக் கழுவலதானம்மா?”

“ஐயோ, இல்ல அண்ணி. நீங்க சொன்ன மாதிரி அப்படியேதான் போட்டேன்.”

வாய் கூசாமல் வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பாட்டைத் தொடர்ந்தார். அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பாள். அவர் ஒன்றும் சொல்லாததுதான் அவளைத் தின்றது. அந்த வாரத்திலேயே இன்னொரு சின்ன மீனும் போனது. அதற்கும் அதே கேள்வி, அதே பதில்.

ஆஸ்பத்திரியிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. புதிதாகச் சேர்ந்த பெண்களைத் தலைமை நர்ஸ் அவள் அறைக்கு அழைத்து வந்து, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் என்றால் இவரைத்தான் பார்க்க வேண்டும், தன் இஷ்டத்துக்கு ஒரு துரும்பைக்கூட மாற்ற மாட்டார் என்று புகழ்ந்தார். அந்தப் பெண்கள் பயபக்தியோடு பார்த்தார்கள். வெந்நீரக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கையுறையைக் கழற்றுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் நாத்தனாரே வந்து நின்றார். கையில் தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்து. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது. தண்ணீர் முழுக்க மீன் கழிவின் நஞ்சு. கிழவர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். நாத்தனார் உட்கார்ந்து கண்ணாடிமேல் கையை வைத்தார்.

“பஞ்சு போட்டும் இப்படி ஆகுதுன்னா, என் வீட்டுலயே ஏதோ சீக்கு இருந்திருக்கு. இவ்வளவு சுத்தமா இருக்கிற வீட்டுக்குள்ள நான்தான் கொண்டாந்து விட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதம்மா.”

பூமி பிளந்திருந்தால் அப்படியே உள்ளே போயிருப்பாள். அண்ணி தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், அதுவும் அவர் வீட்டை அழுக்கு என்று அவர் வாயாலேயே சொல்லிக்கொண்டு. இனியும் சும்மா இருந்தால் தான் மனுஷியே இல்லை என்று வெந்நீரக்காவுக்குத் தோன்றியது.

“அண்ணி, உங்க வீட்டுல ஒண்ணும் இல்ல. நான் கழுவினேன். கொதிக்க வெச்சு, பிளீச்சிங் போட்டுக் கழுவினேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன்.”

நாத்தனார் திரும்பவில்லை.

“எனக்குத் தோணியிருக்கணும்,” என்றார். “எங்க வீட்டுப் பொருளாச்சே.”

எழுந்து வாளி கேட்டார். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்துக் குளோரின் போக வைக்கச் சொன்னார். ஏற்கெனவே வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொண்டு தொட்டியில் பாதியை மாற்றிக் காட்டினார். தினமும் சோதித்துப் பார், பச்சை ஏறினால் இப்படி மாற்று, தீனியைக் குறை, பஞ்சைத் தொடாதே என்றார். காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று தம்பி கெஞ்சியும் நிற்கவில்லை.

வெந்நீரக்கா விடாமல் செய்தாள். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டு, வாளி வாளியாகச் சுமந்தாள். மூன்றாவது சின்ன மீனைக் காப்பாற்ற முடியவில்லை. கிழவர் மட்டும் தாக்குப்பிடித்தார். நாளாக ஆக அந்த வெள்ளைப் பஞ்சில் பழுப்பு படர்ந்தது, வழவழப்பு ஏறியது. கழுவச் சொல்லிக் கை துறுதுறுத்தபோதெல்லாம் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் குழாயில் சொட்டு விட்டபோது தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. மறுநாளும் அப்படியே இருந்தது. அதைப் போனில் சொல்ல அவளுக்கு மனமில்லை. நேரில் சொல்வதற்காக நாத்தனாரின் புது வீட்டுக்குப் போனாள்.

நாத்தனார் தையலை நிறுத்திவிட்டுக் கேட்டார். கிழவர் தீனி எடுக்கிறாரா என்று இரண்டு தரம் விசாரித்தார். பிறகு உள்ளே போனார். குழாய் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்றைக்கு அலசக் கூடாது என்று பேருந்திலேயே தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தாள் வெந்நீரக்கா. வாங்கிய கையோடு டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். சமையலறைப் பக்கம் நகராமல் அவள் நின்றதைப் பார்த்து நாத்தனார் தயங்கினார்.

“குடிம்மா,” என்றார். “ரெண்டு தடவை அலசிட்டேன். நீ வந்தா எப்பவும் ரெண்டு தடவை அலசித்தான் குடுப்பேன்.”