முதுகுக்குப் பின்னால் இருந்த குரல்

ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. ஆனாலும் பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே வந்து நின்றபோது என் காதுக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. தூத்துக்குடியில் நூல் மில்லுக்குப் போகிற பெண்களில் யாரைக் கேட்டாலும் தனக்கும்தான் இரைகிறது என்பாள். அதனால் நான் அதை நோய் என்றே எண்ணவில்லை. உங்களுக்கும் அப்படி இரைந்தால் அடுத்தவளைக் கேட்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

பிறகு கோழிக்குஞ்சுகளின் சத்தம் போயிற்று. சைக்கிள் மணி போயிற்று. ஒருவன் மோத வந்து, வைதுகொண்டே போனான். ஆனால் துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நன்றாகக் கேட்டது. கப்பல் ஊதுவது கேட்கிறவளுக்கு என்ன செவிடு என்று எனக்கு நானே சாட்சி சொல்லிக்கொண்டேன். கீச்சுச் சத்தம்தான் முதலில் போகும், கனத்த சத்தம் கடைசிவரை நிற்கும் என்று அப்போது யார் சொன்னார்கள்?

என்னை ஏமாற்றியது மில்தான். அங்கே இயந்திர இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். மேஸ்திரியைக் கேலி செய்வது, கல்யாணம் பேசி முடிப்பது எல்லாம் அப்படித்தான். அதில் நான் கெட்டிக்காரி. பகல் முழுவதும் எல்லோரோடும் பேசிவிட்டு வருகிறவளுக்குக் காது போகிறது என்று எப்படித் தோன்றும்?

வீட்டில்தான் பேச்சு நின்றுபோயிருந்தது. என் வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவர். முன்பெல்லாம் கரைக்கு வந்தால் கடலில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வார். இப்போது ஏதோ முணுமுணுப்பதோடு சரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதில் மனம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். எனக்கும் ரோஷம் வந்தது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒரு நாள் என் நாத்தனார் அவரிடம், செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று சொன்னதை வாயசைவிலேயே படித்துவிட்டேன். என் திமிரைச் சொல்கிறாள் என்று எண்ணி அன்று முழுவதும் பட்டினி கிடந்தேன். அந்த இரண்டு வருஷத் தனிமை என் எதிரிக்கும் வரக் கூடாது.

இரைச்சல் அடங்கட்டும் என்று பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டேன். சீழ் வைத்துவிட்டது. அதற்காகத்தான் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சீழ்ப்புண்ணை ஆற்றிய பிறகு ஓர் இசைக்கவையை (தட்டினால் ரீங்கரிக்கும் இரண்டு கால் இரும்பு) காதருகே பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தால் தம் வாயை மறைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்தார்.

"இப்ப உங்க பேரை மூணு தடவை கூப்பிட்டேன்" என்றார்.

உள்செவி நரம்பு (ஒலியை மூளைக்குக் கொண்டுபோவது) மில் இரைச்சலில் கெட்டுவிட்டதாம். போனது திரும்பாது. இனி காதை அடைத்துக்கொண்டு வேலை செய்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். ஊருக்கே பஞ்சு நூற்றவளுக்குத் தன் காதில் ஒரு துண்டு வைக்கத் தோன்றவில்லை, பாருங்கள்.

யார் பேசுவது புரியவே இல்லை என்று டாக்டரம்மா கேட்டார். நான் என் வீட்டுக்காரரைக் காட்டினேன். வாயை மூடித் தொங்கும் அவர் மீசையைப் பார்த்து டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் மீசையை எடுத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். கல்யாணத்துக்கே மீசையோடு வந்தவர். அந்த உதட்டை அன்றுதான் பார்த்தேன். வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தது.

"ஏளா, நான் எங்க பேசாம இருந்தேன்? நீ அடுப்பங்கரையில நிக்கையில வாசல்ல உக்காந்து பேசிக்கிட்டேதான இருந்தேன். நீதான் திரும்பவே இல்ல."

அழுதேன். என் அழுகை எனக்கே எங்கோ தூரத்தில் கேட்டது. அவர் பேசாத வருஷங்கள் என்று நான் எண்ணியிருந்தவை அவர் பேசிக்கொண்டே இருந்த வருஷங்கள். பிற்பாடு அடுப்பை இடித்து வாசலைப் பார்க்கக் கட்டிக்கொண்டேன். எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே இப்போது பயமாக இருக்கிறது.

அன்று, என்னென்ன சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

"எல்லாம் சும்மா பேச்சுதான். எது ஞாபகம் இருக்கு?"

எனக்கு அந்தச் சும்மா பேச்சுதான் வேண்டும்.