இரண்டு போத்தல் மண்ணெண்ணெய்

மெய்யியல் படித்தவள் என்று சொன்னால் ஆட்கள் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன படித்தேன், படித்ததை வைத்து என்ன கிழித்தேன் என்பது எனக்குத்தானே தெரியும்.

தொண்ணூற்றோராம் ஆண்டு கோடை. நான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மாணவி. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஒழுக்கவியல் எங்களுக்கு ஒரு பாடம். நல்லது கெட்டது எல்லாம் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல, மனிதர் உண்டாக்கியவை என்று அந்த நூற்றாண்டுக்காரர் பலர் வாதாடியிருந்தார்கள். ஒழுக்கம் இரக்கத்தில் பிறந்தது என்றார் ஒருவர். கூட்டமாக வாழ்ந்த பழக்கத்தில் வந்தது என்றார் இன்னொருவர். எல்லாரிலும் பொல்லாத ஒரு ஜெர்மன்காரர், பலமுள்ளவர்கள் முதலில் தங்களைத் தாங்களே நல்லவர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள், கதை அங்கேதான் தொடங்கியது என்றார். இவற்றையெல்லாம் சொல்லி முடித்த விரிவுரையாளர் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். ஓர் ஒழுக்கத்தின் பிறப்பிடம் அழுக்காக இருந்தால் அதன் பெறுமதி குறையுமா என்பதுதான் கேள்வி.

குறையாது என்று பன்னிரண்டு பக்கம் எழுதினேன். சேற்றையும் தாமரையையும்கூட விட்டுவைக்கவில்லை.

வலிகாமத்தில் எங்கள் ஊரில் அப்பாவுக்கு நல்ல மனிதர் என்று பெயர். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிப்பார். காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து பீரங்கிச் செல்லடிக்குத் தப்பி ஓடிவந்த சனம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியபோது, முதல் மூட்டை அரிசி எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. இதை நான் மறைக்கக்கூடாது. அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் இவ்வளவு காலம் எனக்குக் கோபம் இருந்திருக்காது.

ஒருநாள் காலை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு பெண்குழந்தை, கையில் குடம்.

"ஐயா, பள்ளிக்கூடக் கிணறு கலங்கிப்போச்சு. பிள்ளைக்கு வயித்தாலை போகுது. குடிக்கிறதுக்குக் கொஞ்சம் தண்ணி அள்ளலாமோ?"

அப்பா உடனே ஓம் என்று சொல்லவில்லை.

"காங்கேசன்துறையிலை எந்தப் பக்கம்?"

அவள் சொன்னாள்.

"எந்தக் கோயிலடி?"

அதையும் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு. எங்கள் ஊர்களில் ஒருவரின் சாதியை அறிய இந்த இரண்டு கேள்வி போதும். மூன்றாவது கேள்வி கேட்பது பண்பில்லை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். என்ன பண்பு!

"அதுக்கென்ன, தாராளமா வா. ஆனால் நீ கிணத்தடிக்கு வந்து கஷ்டப்பட வேண்டாம். வேலியடியிலை நில். என்ரை மகள் அள்ளி ஊத்துவா."

அதன்பிறகு காலையும் மாலையும் நான் அள்ளிக்கொண்டு போய் வேலிக்கு மேலால் ஊற்றினேன். வாளி அவளுடைய குடத்தில் முட்டாமல், ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஊற்றுவேன். அப்படிப் பிடிக்கவேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது. ஊற்றி முடித்ததும் மனதுக்குள் ஒரு நிறைவு வரும் பாருங்கள், அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இரக்கத்தைப் பற்றிய பக்கங்களை நான் எழுதியது அந்த நாட்களில்தான்.

ஒருநாள் காலை நான் வெள்ளெனவே கம்பஸுக்குப் போய்விட்டேன். அப்பா கோயிலில். அம்மா காய்ச்சலில் உள்ளறையில் கிடந்தார். அந்தப் பெண் வேலியடியில் நின்று நின்று பார்த்திருக்கிறாள். கூப்பிட்டும் பார்த்திருக்கிறாள். வெயில் ஏறி, குழந்தை சோர்ந்து விழத்தொடங்கவும் படலையைத் திறந்து வந்து தானே ஒரு குடம் அள்ளியிருக்கிறாள். பக்கத்து வீட்டு மாமி அதைக் கண்டு, அப்பா வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்.

அப்பா சத்தம் போடவில்லை. அடுத்தநாள் காலை கட்டிலின் கீழிருந்து இரண்டு போத்தல் மண்ணெண்ணெயை எடுத்தார். பொருளாதாரத் தடைக் காலம் அது. மின்சாரம் இல்லை, ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்குத் தவம் கிடந்தோம். மாதக்கணக்காக மிச்சம் பிடித்து, என் சோதனைப் படிப்பு விளக்குக்கென்று ஒதுக்கியவை அந்த இரண்டு போத்தலும். தோட்டத்தில் வெங்காயம் வாடிக் கருகியபோதுகூட அப்பா அவற்றைத் தொடவில்லை. இப்போது இறைப்பு மிசினுக்குள் ஊற்றினார்.

"அப்பா, அது என்ரை சோதனைக்கு வைச்சது."

"கிணறு இறைக்க வேணும், பிள்ளை. சாமிக்கும் உந்தத் தண்ணிதானே வைக்கிறம். இந்தா, குழாயைப் பிடிச்சு வாழைக்கு விடு."

நான் பிடித்தேன். கிணற்றில் இருந்த நல்ல தண்ணீர் முழுவதும் வாழையடியில் குளமாக நின்றது.

வழக்கமான நேரத்துக்கு அவள் குடத்தோடு வந்தாள். மிசின் சத்தத்தைக் கேட்டாள், வாழையடியைப் பார்த்தாள். என்ன நடக்கிறதென்று விளங்கிவிட்டது. நான் வேறெங்கோ பார்த்தேன்.

"பிள்ளை," என்றாள், "உது சும்மா போற தண்ணிதானே. ஒரு குடம் பிடிக்கட்டோ?"

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"ஓம், ஓம். வேண்டிய அளவு பிடி. ஆர் வேண்டாமெண்டது?" என்றார் அப்பா. மனதாரச் சொன்னார், அதுதான் கொடுமை.

குழாயை இழுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். குழாயின் வாய் குடத்தில் முட்டியது. நான் விலக்கவில்லை. அவள் தொட்ட தண்ணீர்தானே, முட்டினால் என்ன என்று என் கை தன்பாட்டில் கணக்குப் போட்டிருந்தது.

அதன்பிறகு அவள் வரவில்லை. பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. குழந்தைக்கு எப்படி என்று ஒருநாளாவது நான் போய்க் கேட்கவில்லை. அந்தச் சனம் வேறிடம் போய்விட்டதென்று பிறகு யாரோ சொன்னார்கள். கட்டுரைக்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான்.

இந்தக் கதையைப் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். குழாயைப் பிடித்திருந்த கை கோபத்தில் நடுங்கியது என்று சொல்லுவேன். கேட்பவர்கள் அந்த வயதிலேயே சாதிக்கு எதிராக எனக்கு எவ்வளவு உணர்வு என்று மெச்சுவார்கள். நானும் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுவேன்.

கை நடுங்கியது உண்மைதான். ஆனால் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஒழுங்கையில் நடந்து போனபோது நான் அவளைப் பார்க்கவில்லை. மிசினடியில் வெறுமையாகக் கிடந்த இரண்டு போத்தலையும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.