பாறைமேல் ஏறி வாங்கிய வெல்லம்

தொண்ணூறுகளின் நடுவில், தொண்டாமுத்தூர் மலையில் இருக்கும் இருளர் பதிகளை, அதாவது அவர்களுடைய சிற்றூர்களைப் பார்க்க, நானும் என் கணவரும் அவருடைய பட்டறை நண்பர்களோடு நடந்து போனோம். கணவருக்குச் சர்க்கரை நோய். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டவர், பதிக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றார். டிபன் பையோடு நண்பர்கள் முன்னால் போய்விட்டார்கள். நாங்களும் வழிகாட்டி மருதனும் மெதுவாக ஏறினோம்.

பாதி வழியில் யானைக் கூட்டம் பாதையை மறித்தது. பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக் காத்திருந்தபோது கணவருக்கு வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்து பதறினேன்.

"பதிக்கு வேற தடம் இருக்குதுங்களா?" என்று மருதனிடம் கேட்டேன்.

"இந்தப் பாறைமேல ஏறுனா பதிதானுங்க. ஆனா யானை திரும்புனா இவரைத் தூக்க நான் இங்க இருக்கோணும். உங்களால தனியா ஆவாதுங்கம்மா."

"ஆவுமுங்க" என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினேன். கையும் முழங்காலும் சிராய்ந்தன. முதல் வீட்டில் விறகு உடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "வெல்லம் குடுங்க, என் ஊட்டுக்காரருக்கு மயக்கம்" என்றேன். அவள் கட்டி வெல்லத்தோடு எனக்கு முன்னால் பாறையில் இறங்கினாள்.

வெல்லத்தைப் பொடித்து அவர் ஈறில் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, "ஏன் அம்மணி, சீலையெல்லாம் கிழிஞ்சிருக்குது?" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போதெல்லாம் சாப்பிடாமல் நாங்கள் கிளம்புவதில்லை. அவர் சட்டைப் பையில் எப்போதும் வெல்லம் இருக்கும். மலைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை.